பத்து மணிக்குமேல் தெளியும் கண்

"மறுபடியுமா!"

மாமியாரின் குரல் கேட்டதும் பெரியவளின் கை நின்றுவிட்டது. பால் மட்டும் நிற்கவில்லை. தம்ளர் இருப்பதாக அவள் நினைத்த இடத்தில் தம்ளர் இல்லை. நாலு விரல் தள்ளி நின்றது. பால் மேடையில் ஓடி, விளிம்பில் வழிந்து, பாதத்தில் சூடாகச் சொட்டியபோதுதான் அவளுக்கே விஷயம் தெரிந்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? குழந்தைக்குன்னு வச்சிருந்த பாலு! இந்த வாரத்துல இது எத்தனாவது தடவ?"

"கை தவறிடுச்சு அத்தை... துடைச்சிடறேன்."

"காலையில மட்டும் தவறுற கை! மத்தியானம் கடைக்குள்ள போய் உக்காந்தா முடி கனத்துக்கு லென்ஸ் தேய்க்குதே, அதுவும் இதே கைதானே? வேலைன்னா கண்ணு தெரியாது... நல்லா நடிக்கிற!"

பெரியவள் துணியை எடுத்துத் துடைத்தாள். எங்கே ஈரம், எங்கே மேடை என்று கண்ணுக்குத் தெரியாததால் கையால் தடவித் தடவித் துடைத்தாள். அதைப் பார்த்த மாமியாருக்கு அதுவும் நடிப்பாகவே பட்டது.

அவசர அவசரமாகத் தலைவாரியபடி வந்தாள் சின்னவள், அந்த வீட்டின் இளைய மருமகள். எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான் ஆபீஸில் கையெழுத்துப் போட முடியும். இடுப்பில் இரண்டு வயதுக் குட்டி. பெரியவளைக் கண்டதும் குட்டி இரண்டு கையையும் நீட்டி, "பெம்மா!" என்று தாவியது. பெரியம்மா என்ற சொல் அதன் வாயில் அவ்வளவுதான் நுழைந்தது.

"அக்கா, இவளுக்குச் சளி. வெந்நீர் கலந்து குளிப்பாட்டிடுங்க. சூடு பார்த்துக் கலங்க... கொஞ்சம் கவனமா இருங்க, ப்ளீஸ்."

அந்தக் கடைசி வார்த்தை மரியாதைக்குச் சொன்னதல்ல என்பது பெரியவளுக்குத் தெரியும். குட்டியை வாங்கிக் கன்னத்தில் கன்னம் வைத்துக்கொண்டாள். குழந்தையின் முகம் இருந்த இடத்தில் ஒரு வெளுப்பு, அதில் இரண்டு கறுப்பு. அதற்குமேல் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. குளித்த அறையின் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது உலகம். மின்விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாக நிறம் தெரிந்தது. ஒன்பது மணிக்குக் கொஞ்சம் விலகும். பத்து, பத்தரைக்கெல்லாம் ஊசியில் நூல் கோக்கலாம். இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? காலையில் குருடு, மத்தியானம் கழுகு என்றால், கேட்பவருக்குச் சிரிப்புதான் வரும்.

இத்தனைக்கும் அது கண்ணாடிக்கடைக்காரர் வீடு.

கீழே கடை, மேலே வீடு, நடுவில் பதினாலு படி. முன்னால் ஃப்ரேம்கள் மாட்டிய கூடம். அங்கே உட்கார்பவர் அவளுடைய புருஷன். யார் எதைச் சொன்னாலும் "ஆமாம்" என்று தலையாட்டுவதால் தெருவே அவருக்கு ஆமாம்சாமி என்று பேர் வைத்திருந்தது. வாடிக்கையாளர், மனைவி, அம்மா, எல்லோருக்கும் ஒரே ஆமாம்தான். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மாற்றிமாற்றிச் சொன்னாலும் மூன்றுக்கும் ஆமாம். உள்ளே கண் பரிசோதிக்கும் அறை. அது அவருடைய தம்பி சின்னவனுடைய ராஜ்ஜியம். மரத்தட்டிக்கு அந்தப் பக்கம் பட்டறை. லென்ஸைச் சாணை பிடித்து ஃப்ரேமுக்குள் உட்கார வைக்கும் அந்த முக்காலியில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் பெரியவள்.

அவள் வந்து உட்கார்ந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. வந்த மூன்றாம் மாதமே மாமனார் கை கால் விழுந்து படுத்தார். முக்காலி காலியானது. அப்போது சின்னவனுக்கு வயது பதினொன்று. படிப்பை நிறுத்திவிட்டு அவனைப் பட்டறையில் உட்கார வைப்பதாகப் பேச்சு. ராத்திரிச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு அந்தப் பையன் தட்டையே பார்த்து அழுதுகொண்டிருந்தான். "அவன் படிக்கட்டும் அத்தை, நான் உக்காருறேன்" என்று அவள் சொன்னாள். இரண்டு வருஷத்துக்குத்தான் என்று நினைத்தாள். பள்ளிக்கூடம், பிறகு கல்லூரி, பிறகு கண் பரிசோதனைப் படிப்பு என்று அவன் ஏற ஏற, நர்ஸ் பயிற்சிக்கான வயது அவளைக் கடந்து போனது. இரண்டு தடவை வயிற்றில் வந்தது, இரண்டும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை என்றால் சின்னவன்தான். அவனுக்குப் பிறந்த குட்டி, பேத்தியும் மகளும் சேர்ந்த ஒன்று.

போன வருஷம் கண் மங்குகிறது என்று அவனிடமே சொன்னாள். சொல்லாமல் இல்லை.

அந்தக் கடைக்கு மாமனார் காலத்து வழக்கம் ஒன்று உண்டு. பகலில் பரிசோதனை நாற்காலி வாடிக்கையாளருக்கு. வீட்டு ஆட்கள் கண் காட்டவேண்டுமானால் ஷட்டர் இறங்கிய பிறகுதான். அன்றைக்கும் அப்படித்தான். நாளெல்லாம் நின்று களைத்துப்போன சின்னவன், "உக்காருங்க அண்ணி, சட்டுனு பார்த்துடலாம்" என்றான். தாடையை வைத்துப் பார்க்கிற பெரிய கருவிக்கு அதற்குள் உறை போட்டாகிவிட்டது. எழுத்துப் பலகைக்கு மட்டும் விளக்கைப் போட்டு, "கடைசி வரி வரைக்கும் படிங்க" என்றான்.

அவள் படித்தாள். தடையில்லாமல் படித்தாள். படிக்காமல் என்ன செய்வாள்? ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது அந்தப் பலகையை உரக்கப் படிப்பதைத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இருபத்தாறு வருஷம் கேட்டவள் அவள். கண் எழுத்தைத் தேடுமுன் வாய் முந்திக்கொண்டது. பார்த்துச் சொல்கிறோமா, ஒப்பிக்கிறோமா என்று அவளுக்கே அப்போது விளங்கவில்லை. அதோடு சாயங்காலம் அவளுக்கு உண்மையிலேயே நன்றாகத்தான் தெரியும்.

"உங்க கண்ணு என் கண்ண விட நல்லா இருக்கு அண்ணி!" என்று சிரித்தான் சின்னவன். அந்தச் சிரிப்பு மாடியேறி வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. படிச்சவனே சொல்லிட்டான், இவளுக்கு ஒண்ணுமில்ல!

வெளியே வேறு இடத்தில் காட்டலாம் என்றால், கண்ணாடிக்கடைக்காரன் பெண்டாட்டி அடுத்த கடைப் படி ஏறினாள் என்று தெரு சிரிக்கும். வீட்டில் காட்டினால் ஒன்றுமில்லை. காட்டாவிட்டால் பால் கொட்டுகிறது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், அண்ணனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு விடிகாலையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பஸ் நம்பரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரையாவது கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தாள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு பெண் டாக்டர் அவள் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எத்தனை மணிக்கு எழுந்தீங்கம்மா? எழுந்தப்ப இதைவிட மங்கலா இருந்துச்சா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அவள் அழுதுவிட்டாள். ஒரு வருஷமாக அந்த ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"கருவிழிக்கு முன்னாடி ஒரு கண்ணாடி மாதிரிப் படலம் இருக்கும்மா, கார்னியான்னு சொல்லுவோம். அதோட உள்பக்கத்துத் தோல்தான் உள்ள சேர்ற தண்ணிய வெளிய தள்ளும். உங்களுக்கு அந்தத் தோல் தேய்ஞ்சுக்கிட்டே வருது. ராத்திரி கண்ணு மூடியிருக்கும்போது தண்ணி தேங்கி, காலையில வீங்கி மூட்டம் போட்டுடும். கண்ணு திறந்திருக்க திறந்திருக்கக் காத்துல காஞ்சு தெளியும். போகப்போக மத்தியானமும் தெளியாது. ஆபரேஷன்தான் வழி. இறந்தவங்க தானம் குடுத்த கண்ணுல இருந்து அந்த மெல்லிசுத் தோலை மட்டும் எடுத்து வைப்போம். அப்புறம் மூணு நாள் அசையாம மல்லாக்கப் படுக்கணும்."

"மூணு நாளா!" என்று அந்த அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "உங்க வீட்டுக் கடையில கண்ணு பார்க்கப் படிச்சவர் இருக்காருன்னு சொன்னீங்களே? அவர் ஒரு தடவ தாடைய வச்சுப் பார்த்திருந்தாகூடத் தெரிஞ்சிருக்குமே!"

பெரியவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"அவன்கிட்ட நான் காட்டவே இல்லீங்க" என்றாள்.

அந்தப் பொய்யோடு சீட்டை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டவள், மறுபடி எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சின்னவளின் பிறந்த வீட்டைச் சொல்ல வேண்டும். அவளுடைய இரண்டு அண்ணன்மாரும் டாக்டர்கள். தங்கை பிடிவாதமாகக் கட்டிக்கொண்ட இவனுக்கு அவர்கள் வைத்த பேர், கண்ணாடி மாப்பிள்ளை. எந்த விசேஷத்துக்குப் போனாலும், "என்ன கண்ணாடி மாப்பிள்ளை, பவர் ஏறியிருக்கா இறங்கியிருக்கா?" என்று ஒரு சிரிப்பு. இவன் முகம் சுருங்கிப்போய்த் திரும்பி வருவான். சொந்த அண்ணி கண்ணிலேயே நோய் தெரியாதவன் என்று இது அங்கே போய்ச் சேர்ந்தால்? வளர்த்தவளுக்கு அதைத் தாங்க முடியவில்லை. கொஞ்ச நாள் போகட்டும், புதிதாக வந்ததுபோல் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லி, 'நடிக்கிறாள்' என்ற பேரை மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அதுவரை சமாளிக்க அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பட்டறையில் பிளாஸ்டிக் ஃப்ரேமை இளக்கி வளைக்க ஒரு ஹீட்டர் உண்டு. அதன் வாயிலிருந்து சூடான காற்று வரும். ஒரு நாள் காலையில் எதற்கோ அதைப் போட்டபோது முகத்தில் காற்றுப் பட்டது. ஐந்து நிமிஷத்தில் சுவர் காலண்டரில் தேதி தெரிந்தது! அன்றிலிருந்து காலையில் யாரிடமும் காரணம் சொல்லாமல் கீழே போய், கதவைச் சாத்திக்கொண்டு, கை நீட்டும் தூரத்தில் நின்று ஒவ்வொரு கண்ணாகக் காட்டிவிட்டு வருவாள். "வேலை நேரத்துல பட்டறைக்குள்ள பூந்துக்கிட்டு கதவ சாத்திக்கிறா, என்னதான் பண்றாளோ!" என்று மாமியார் அதற்கும் ஒரு பாட்டுப் பாடுவாள்.

அன்றைக்கும் வெந்நீரை நினைத்துத்தான் பயந்தாள். ஆவி எது, தண்ணீர் எது என்று தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு குழந்தைமேல் சூடு பார்த்து ஊற்ற முடியுமா? மாமியார் குளிக்கப் போயிருந்தாள். குட்டிக்கு விளையாட லென்ஸ் இல்லாத நாலு பழைய ஃப்ரேமைப் போட்டு உட்கார வைத்தாள். படிக்கட்டின் மேல்முனையில் இருந்த மரக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினாள். தாழ்ப்பாள் நகர்ந்தது. ஆனால் வளையத்துக்குள் போகவில்லை. பக்கத்தில் உரசிக்கொண்டு நின்றது. அதை அவள் பார்க்கவில்லை. பார்க்க முடிந்திருந்தால் கீழே போகவேண்டிய அவசியமே இல்லையே!

வலது கண்ணுக்குக் காற்றுக் காட்டி, இடதுக்குத் திரும்பும்போது சத்தம் கேட்டது. படியில் எதுவோ உருளும் சத்தம். அப்புறம் ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் குட்டியின் வீறிடல்.

"ஐயோ... என் கண்ணே!"

ஓடினாள். நாலாவது படியில் கிடந்த குழந்தையைக் கை தேடி அள்ளியது. விரலெல்லாம் பிசுபிசுத்தது. எங்கே ரத்தம், எவ்வளவு ரத்தம்... அவளுக்குத் தெரியவில்லை. முகமெல்லாம் தடவினாள். குளியலறையிலிருந்து ஈரத்தோடு ஓடிவந்த மாமியார் குழந்தையை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்தே திரும்பி வந்தாள் சின்னவள். வெளியே போயிருந்த சின்னவன் சேதி கேட்டு, கடையைத் திறக்காமலே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். புருவத்தில் மூன்று தையல். கண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே.

அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது மணி பதினொன்று. பெரியவளுக்குக் கண் தெளிந்திருந்தது. எல்லோருடைய முகமும் நன்றாகத் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. குட்டியைச் சின்னவள் தோளோடு அழுத்திக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பியே உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தைய விட்டுட்டு எங்க போனீங்க அக்கா? சொல்லுங்க... அஞ்சு நிமிஷம் என் புள்ளைய பார்த்துக்க முடியலையா உங்களால?"

"கீழ... பட்டறைக்கு..."

"பட்டறைக்கு எதுக்கு?"

ஒரு வார்த்தை போதும். பெட்டிக்குள் சீட்டு இருக்கிறது. எடுத்துப் போட்டால் அவள் பக்கம் நியாயம். ஆனால் அந்தச் சீட்டு முதலில் அறைவது எதிரே நிற்கிற சின்னவனின் முகத்தில். அவள் தரையைப் பார்த்தாள்.

"தாழ்ப்பாள் போட்டேம்மா... போட்டதாத்தான் நினைச்சேன்... சரியாத் தெரியல..."

"தெரியலையா?" சின்னவன் குரல் உடைந்தது. "நானே டெஸ்ட் பண்ணேன் அண்ணி. உங்க கண்ணுல ஒரு குறையும் இல்ல. குழந்தை விழுந்து கிடக்கா, இப்பவும் கண்ணு தெரியலன்னு... போதும் அண்ணி. நடிக்காதீங்க."

அவனுமா!

"கண்ணுல எல்லாம் குறையில்லடா. மனசுலதான்!" என்று மாமியார் முடித்தாள். "ஒண்ணப் பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும், புள்ளைய எப்படிப் பார்த்துக்கணும்னு!"

பெரியவள் சின்னவனைப் பார்த்தாள். இப்போது ஏதாவது சொல்வான். 'அம்மா, அப்படிச் சொல்லாதே' என்று ஒரு வார்த்தை. அதற்காகத்தான் காத்திருந்தாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"கொஞ்ச நாள் உங்க அண்ணன் வீட்டுக்குப் போய் இருந்துட்டு வாங்கக்கா" என்றாள் சின்னவள், அழுகையோடு. "எனக்கு இப்ப உங்ககிட்ட இவள விட்டுட்டுப் போக பயமா இருக்கு. இவளைத் தொடாதீங்க... ப்ளீஸ்."

பெரியவள் புருஷனைப் பார்த்தாள்.

"ஆமாம்..." என்றார் அவர். "கொஞ்ச நாள்தானே..."

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, பெட்டியில் இருந்ததைச் சீட்டோடு சேர்த்துப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கினாள். ஏழு மணிக்கு பஸ். யாரையும் எழுப்பவில்லை. எழுப்பினால் குழந்தையை ஒரு தடவை பார்க்கிறேன் என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவோமோ என்று பயம். பஸ் பலகையையாவது படிக்க வேண்டுமே என்று பட்டறைக்குள் போய் ஹீட்டரைப் போட்டாள். கதவைச் சாத்தவில்லை. இனிமேல் யாரிடம் மறைக்க?

வலது கண்ணைக் காட்டினாள். கண்ணீர் நிற்காமல் வந்ததால் அன்றைக்குச் சீக்கிரம் காயவில்லை. துடைத்துத் துடைத்துக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் காலண்டர் பக்கம் திரும்பி, "பதினேழு... தெரியுது" என்று முணுமுணுத்தாள்.

"என்ன பண்றீங்க அண்ணி?"

திரும்பினாள். கண்ணீருக்கு நடுவே கதவருகே ஓர் உருவம். குரல் சின்னவனுடையது.

"ஒண்ணுமில்ல தம்பி. பஸ் நம்பர் தெரியணும். இப்படிக் காட்டினா கொஞ்சம் சீக்கிரம் தெளியும். கரண்டு செலவுதான்... தினமும் அஞ்சு நிமிஷம்தான் போடுவேன்."

அவன் ஹீட்டரையும் அவள் கண்ணையும் மாறிமாறிப் பார்த்தான்.

"தினமுமா?" என்றான். "காலையில மங்கலா இருக்கும். போகப்போகத் தெளியும். சூடான காத்துப் பட்டா சீக்கிரம் தெளியும். அப்படியா அண்ணி?"

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"பரீட்சையில பத்து மார்க்குக்கு எழுதினேன் அண்ணி! இதே பட்டறையில உக்காந்து மனப்பாடம் பண்ணேன்... புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒப்பிக்க வச்சதே நீங்கதான்!"

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தான். பழக்க தோஷத்தில் அவள் பலகைப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

"அதைப் பார்க்காதீங்க. அது உங்களுக்கு மனப்பாடம்... எனக்கு ஏன் அன்னைக்குத் தோணல? எந்தக் கண்ணுக்கு இன்னும் காத்துக் காட்டல?"

"இடது."

வலது கண்ணை அவனே உள்ளங்கையால் மூடினான். ஒரு காகிதத்தில் பேனாவால் பெரிதாக ஏதோ எழுதி முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இது என்ன?"

"வெள்ளையா இருக்கு... நடுவுல கறுப்பா... எட்டா? மூணா?"

அவன் எழுதியது ஏழு. கருவியின் உறையை உருவி எறிந்தான். "தாடைய வைங்க." வெளிச்சக் கோடு அவள் கண்ணுக்குள் புகுந்து நகர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவன் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் தேம்பலாக மாறியது.

"அழாத தம்பி" என்றாள் பெரியவள், கருவியில் தாடையை வைத்தபடியே. "கண்ணையே மாத்த வேண்டியதில்லையாம். உள்பக்கத்துத் தோலை மட்டும்தான்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வெளிச்சம் அணைந்தது.

"யாரு சொன்னாங்க அண்ணி?"

பெரியவள் கருவியிலிருந்து தாடையை எடுத்துவிட்டு எழப் பார்த்தாள்.

"நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்லல. உள்பக்கத்துத் தோலுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

பேச்சுச் சத்தம் கேட்டு மேலேயிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்திருந்தார்கள். மாமியார், ஆமாம்சாமி, தோளில் தூங்கும் குழந்தையோடு சின்னவள். அழுத அழுகையில் வலது கண்ணும் மறுபடி மங்கிவிட்டதால், பெரியவளுக்கு எல்லாம் வாசலை அடைத்த நிழலாகத்தான் தெரிந்தது. தப்பிக்க வழியில்லை. பையைத் தடவி, மடித்த சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அதை எடுத்துப் படித்தது சின்னவள். வேகமாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"வீட்டில் யாரிடமும் காட்டவில்லை என்கிறார்னு டாக்டர் எழுதியிருக்காங்க. ஆனா நீங்க இவர்கிட்டக் காட்டினீங்களே அக்கா? போன வருஷமே காட்டினீங்களே! ஏன் அப்படிச் சொன்னீங்க?"

பெரியவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்க அண்ணன்மாருக்குத் தெரிஞ்சா இவனை என்ன சொல்லுவாங்க? ஏற்கெனவே கண்ணாடி மாப்பிள்ளை..."

சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்காகவா... நேத்து நாங்க அத்தனை பேசினப்பவும் இது உங்ககிட்டதான் இருந்துச்சா? ஐயோ அக்கா!"

"பேசினது வலிக்கலம்மா" என்றாள் பெரியவள். இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த குரல் இப்போது கட்டுமீறி வந்தது. "நீ பெத்தவ. உனக்குப் பதறும். குட்டி விழுந்தது என் தப்புதான், அதுக்கு நான் சாகுற வரைக்கும் அழுவேன். அத்தையும் சொல்லிட்டுப் போகட்டும், இருபத்தாறு வருஷமாக் கேட்டதுதான். ஆனா பெத்திருந்தா தெரியும்னு சொன்னப்ப இவன் ஜன்னலைப் பார்த்தானே... அதுதாண்டா தம்பி... அதைத்தான் என்னால தாங்க முடியல!"

சின்னவன் அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நாற்பதை நெருங்கும் மனிதன், பதினொரு வயதில் தட்டின் முன் அழுத அழுகையை அழுதான். பிறகு தலையை நிமிர்த்தித் தன் அம்மாவைப் பார்த்தான்.

"நேத்து சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேம்மா. இவங்க பெக்கலன்னு யாரு சொன்னா? அப்ப நான் யாரு?"

மாமியார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தணிந்த குரலில் கேட்டாள். செத்தவர் கண்ணிலிருந்து எடுத்து வைப்பது என்று மகன் சொன்னதும், "நான் போனா என்னுடையத எடுத்து இவளுக்கு வச்சிடுங்கடா. இத்தனை நாளும் பார்த்தும் ஒண்ணுத்துக்கும் ஆகாத கண்ணு" என்றாள்.

"அப்படி ஆளுக்கு ஆள் குடுக்க மாட்டாங்கம்மா. காத்திருக்கிற யாருக்காவது போகும்."

"போகட்டுமே. யாரோ ஒருத்தங்களோடதுதானே இவளுக்கும் வரப்போகுது" என்றவள், கையைப் பிசைந்தாள். "பெரியவளே... போகாத. நான் சொன்னது மகா பாவம். போகாதம்மா."

பெரியவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"போகத்தான் போறேன் அத்தை."

"அக்கா!"

"அண்ணன் வீட்டுக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்கு. பேரு குடுத்து வைக்கணும். கூப்பிட்டா ஆபரேஷன். அதுக்கப்புறம் மூணு நாள் மல்லாக்கப் படுக்கணுமாம். இந்த வீட்டுக்கு வந்து ஒரு நாள்கூட நான் பகல்ல படுத்ததில்ல. படுக்கப்போறேன். யாரு சமைக்கிறது, யாரு எனக்கு மருந்து விடுறதுன்னு இப்பவே பேசி முடிவு பண்ணிக்கோங்க." புருஷன் நின்ற நிழலின் பக்கம் திரும்பினாள். "உங்களைத்தாங்க! ஆமாம்னு தலையாட்டினா எனக்குத் தெரியாது. கண்ணு இன்னும் தெளியல."

அவர் ஆமாம் சொல்லவில்லை. கிட்டே வந்து, அவள் தோளிலிருந்த பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, "நானும் வரேன்" என்றார்.

அழுகைக்கு நடுவில் குழந்தை விழித்துக்கொண்டது. "பெம்மா" என்று தூக்கக் கலக்கத்தில் கையை நீட்டியது. பெரியவளின் கைகள் தாமாக எழுந்தன, பாதியில் நின்றன.

"வேணாம்மா... இப்ப வேணாம். நாலு மணி நேரம் போகட்டும். இப்ப எனக்குத் தெரியாது..."

சின்னவள் எழுந்து வந்தாள். நாற்காலியின் கைப்பிடியிலேயே அவளை ஒட்டி உட்கார்ந்து, குட்டியை அவள் மடியில் வைத்தாள்.

"உங்களுக்குத் தெரியலன்னா என்னக்கா? நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்ல... பிடிங்க."

பெரியவள் பிடித்துக்கொண்டாள். நேற்றுக் காலையிலிருந்து காணாத முகம். இப்போதும் ஒரு வெளுப்பு, இரண்டு கறுப்பு. கையை மெல்ல உயர்த்தியவள், குழந்தையின் நெற்றிக்குக் கிட்டே போனதும் தயங்கினாள்.

"எந்தப் பக்கம்மா தையல் போட்டிருக்கு?" என்று கேட்டாள். "நான் இன்னும் பார்க்கவே இல்லையே..."

சின்னவள் அவள் விரலைப் பிடித்து, காயத்தில் படாமல் அதன் ஓரமாக வைத்தாள்.